மார்கழியில் இட்லி மாவு பொங்காதபோது

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் வெயிலை மனத்தில் வைத்துத்தான் கட்டினார்கள். கனத்த சுவர், உயர்ந்த கூரை, நடுவே வளவு என்னும் திறந்த முற்றம், காலடியில் ஆத்தங்குடிக் கல் என்று எல்லாமே சித்திரை வெக்கையை வாசலோடு நிறுத்துவதற்காக அமைந்தவை. அந்தக் குளிர்ச்சியே மார்கழி இரவில் சமையற்கட்டில் இருக்கும் இட்லி மாவுக்குப் பகையாகிவிடுகிறது. முதல்முறையாக மாவு ஆட்டிவைத்த ஒருவர், விடிந்ததும் மூடியைத் திறந்து, இரவு ஊற்றிய அளவிலிருந்து ஓர் இழைகூட ஏறாமல் மாவு அப்படியே கிடப்பதைப் பார்த்தால், உடனே சோடா உப்பு டப்பாவைத் தேடுவார். அதைத் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். மாவு பொங்காமல் போவதற்குக் காரணங்கள் பல இருக்கின்றன. எந்தக் காரணம் என்று கண்டுபிடிக்காமல் எதைச் சேர்த்தாலும், அடுத்த முறையும் அதே இடத்தில்தான் நிற்போம்.

முதலில் பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இட்லி மாவில் நாம் எதையும் விலைக்கு வாங்கிப் போடுவதில்லை. புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பகுதியை உளுந்தே தன்னோடு கொண்டுவருகிறது. லியூக்கோனோஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்ற பாக்டீரியாதான் மாவை எழுப்பும் வாயுவை உண்டாக்குவதில் முன்னிற்கிறது என்பது 1965இல் வெளிவந்த ஓர் ஆய்வில் காட்டப்பட்டது. ஊறும்போதே பெருகத் தொடங்கும் இது, மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் லாக்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. வாயு மாவை எழுப்புகிறது; அமிலம் புளிப்பைத் தருகிறது. அமிலம் கூடக் கூட, அதைத் தாங்கக்கூடிய வேறு பாக்டீரியாக்கள் மேலோங்குகின்றன. அவற்றில் பல புளிப்பை வளர்க்குமே தவிர, வாயுவை அவ்வளவாகத் தருவதில்லை. ஆகவே எழும்புவது வேறு, புளிப்பது வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தாலும், ஒன்று நடந்து மற்றொன்று நடக்காமல் போவதும் உண்டு. பொங்காத மாவைச் சரிசெய்வதில் பாதி வேலை இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதிலேயே முடிந்துவிடுகிறது.

குளிர்நாடுகளில் லாகர் என்னும் பீர் வகையை 8 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையான குளிர்ச்சியில் வைத்து, அவசரமில்லாமல், வாரக்கணக்கில் நொதிக்கவிடுகிறார்கள். அங்கே நொதித்தல் மந்தமானால், விஷயம் அறிந்தவர் முதலில் பார்ப்பது வெப்பநிலை, அடுத்து இட்ட ஈஸ்ட்டின் அளவும் உயிர்ப்பும், அதன் பிறகே மற்றவை. நம் மாவுக்கும் இந்த வரிசையே சரியானது என்பது என் அனுபவம்.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளர்

பெரிய பாத்திரத்தில் மாவு எழும்புகிறதா என்று கண்ணால் சொல்வது கடினம். அகலமான சட்டியில் விரல் உயரம் ஏறினாலும் தெரியாது. அடிக்கடி மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் சூடும் போய்விடும். எனவே மாவைக் கரைத்து முடித்தவுடன், நேரான சுவருள்ள ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி அளவுக்கு ஊற்றி, மாவின் மேல்மட்டத்தில் வெளிப்புறமாக ஒரு நூலைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். பாத்திரத்தை எங்கே வைக்கிறீர்களோ அதை ஒட்டியே டம்ளரையும் வைக்க வேண்டும். சிறிய அளவு மாவு விரைவில் குளிர்ந்துவிடும் என்பதால், பாத்திரத்துக்குச் சுற்றும் துணிக்குள்ளேயே அதையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

நன்றாகப் புளிக்கும் மாவில், நான்கைந்து மணி நேரத்தில் கண்ணாடிச் சுவரை ஒட்டி முதலில் கசகசா அளவில் குமிழ்கள் தென்படும். அவை மெல்லப் பெருத்துக் கடுகளவாகி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மாவு முழுவதும் சல்லடைத் துணி போலத் துளைத்துளையாகத் தெரியும். அதன் பிறகுதான் மட்டம் நூலைத் தாண்டும். இந்தக் குமிழ்கள் தெரிந்துவிட்டால், மட்டம் இன்னும் ஏறாவிட்டாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. மாவுக்கு உயிர் இருக்கிறது, நேரம் மட்டும்தான் போதவில்லை. எட்டு மணி நேரம் ஆகியும் குமிழே இல்லை, புளிப்பு வாசனையும் இல்லை, பச்சை உளுந்து வாசனைதான் வருகிறது என்றால் வேலையே தொடங்கவில்லை என்று பொருள். வாசனை புளித்துவிட்டது, ஆனால் குமிழும் இல்லை, மட்டமும் ஏறவில்லை என்றால் அது மூன்றாவது வகை. அதைப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

குளிரே பெரும்பாலும் காரணம்

மாவு பொங்குவதற்கு ஏற்ற வெப்பநிலை 28 முதல் 32 டிகிரி. அந்தச் சூட்டில் 8 முதல் 12 மணி நேரத்தில் மாவு ஆயத்தமாகிவிடும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் நுண்ணுயிர்களின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே 21, 22 டிகிரியில் கிடக்கும் மாவுக்கு 18 மணி நேரம், சில வேளை 24 மணி நேரம்கூட ஆவது இயல்பே. இரவு ஒன்பது மணிக்கு ஆட்டிவைத்து, விடியற்காலை ஐந்தரைக்கு இட்லி ஊற்ற நினைப்பவருக்கு அது பொங்காத மாவாகத் தெரிகிறது. உண்மையில் அது பாதி வழியில் இருக்கும் மாவு.

நான் முதன்முதலாக மாவு ஆட்டிய மார்கழியில் இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. எவர்சில்வர் பாத்திரத்தை, மூலையில் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, வெறும் கல்தரையில் வைத்திருந்தேன். காலையில் பாத்திரத்தின் அடிப்பகுதியைத் தொட்டபோது, தண்ணீர்ப் பானையைத் தொட்டதுபோல் சில்லென்றிருந்தது. அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, “கல்லு மேல வச்சா அது எப்படிப்பா பொங்கும்? தூக்கி அரிசி மூட்டை மேல வையி, போர்வையச் சுத்து” என்றார்கள். பதினோரு மணிக்கு மாவு விளிம்புக்கு வந்துவிட்டது. வேறு எதையும் சேர்க்கவில்லை. இடத்தை மாற்றியதோடு சரி.

தரையிலிருந்து பாத்திரத்தைப் பிரிப்பது முதல் வேலை. வைக்கோல் புரிமணை ஒன்றின் மேல் வைக்கலாம், மரப்பலகை போதும், மடித்த சாக்கும் போதும். எங்கள் வீட்டில் கொட்டான் என்னும் பழைய பெரிய ஓலைக்கூடை ஒன்றின் அடியில் துணியை மெத்தைபோல் பரப்பி, அதற்குள் பாத்திரத்தை இறக்கி, சுற்றிலும் பழைய வேட்டியைத் திணித்து மூடிவிடுகிறோம். ஓலையும் துணியும் காற்றை அடைத்துக்கொள்வதால் சூடு வெளியேறுவதில்லை. ஆனால் இங்கே பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. போர்வை சூட்டைக் காப்பாற்றுமே தவிர, சூட்டை உண்டாக்காது. குளிர்ந்த மாவைப் போர்த்திவைத்தால், குளிர்ச்சியைத்தான் போர்வை காப்பாற்றும். மூன்று கிலோ மாவு குளிர்ந்துவிட்டால், அது தானாக மீண்டும் வெதுவெதுப்பாவதற்குப் பல மணி நேரம் ஆகும். எனவே மார்கழி, தை மாதங்களில் மாவு பாத்திரத்துக்குப் போகும்போதே 30 டிகிரி அளவில் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். கிரைண்டரில் தெளிக்கும் தண்ணீர் கைபொறுக்கும் வெதுவெதுப்பில் இருந்தால் அது எளிதாக நடந்துவிடும். சமையலறை வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டால் இந்த ஊகமெல்லாம் தேவைப்படாது; நான் வாங்கிய சமையல் கருவிகளில் இதைப்போல் பயன்பட்டது வேறில்லை.

இரவு கடந்து, மாவு குளிர்ந்துவிட்டதைக் காலையில்தான் கண்டுபிடித்தீர்கள் என்றால், அதை மீட்பதற்கு வெந்நீர்த் தொட்டி முறையே சிறந்தது. அகலமான அண்டாவில் 40 டிகிரி அளவுக்கு, அதாவது கையை விட்டால் இதமாக இருக்கும் அளவுக்கு, தண்ணீர் ஊற்றி, மாவுப் பாத்திரத்தை அதற்குள் வைத்து, மாவின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நிற்குமாறு செய்து, இரண்டையும் சேர்த்துத் துணியால் மூடுங்கள். ஒரு முறை அடிவரை மெதுவாகக் கிளறிவிட்டால் சூடு சீராகப் பரவும். இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால், பெரும்பாலும் மதியத்துக்குள் மாவு எழும்பிவிடும். தெர்மாக்கோல் பெட்டி இருப்பவர்கள், ஒரு லிட்டர் வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, மாவுப் பாத்திரத்தோடு பெட்டிக்குள் வைத்து மூடினாலும் இதே பயன் கிடைக்கும். அடுப்பின் மேலோ, சாதம் வடிக்கும் மின்குக்கரின் சூடுகாக்கும் நிலையிலோ வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். சோற்றைக் கெடாமல் காக்கும் அந்தச் சூட்டில் மாவு ஓரத்தில் வெந்து, நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

சூடு அதிகமானால் இன்னும் வேகமாகப் பொங்கும் என்ற எண்ணமும் சரியல்ல. வாயு தரும் லியூக்கோனோஸ்டாக் 20 முதல் 30 டிகிரியில்தான் தெம்பாக வேலை செய்யும்; 40 டிகிரியை நெருங்கினால் அது சோர்ந்துவிட, புளிப்பை மட்டும் வளர்ப்பவை மேலோங்கும். சித்திரையில் மாவு சீக்கிரம் புளித்தும், மார்கழியில் நிதானமாகப் பொங்கிய மாவின் மென்மை அந்த இட்லியில் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உளுந்து, ஆட்டும் விதம், தண்ணீர், உப்பு

வெப்பம் சரியாக இருந்தும் குமிழ் வரவில்லை என்றால் உளுந்தைச் சந்தேகிக்க வேண்டும். நாள்பட்ட உளுந்து ஊறினாலும் நுரைத்து வராது. ஆட்டினால் அரிசி மாவைப்போல் கனமாக உட்கார்ந்துவிடும். புது உளுந்து, அதிலும் முழு உளுந்து நல்லது. தோலோடு கூடிய கறுப்பு உளுந்தை வாங்கி, ஊறவைத்துத் தோல் கழுவிப் போடுபவர்களுக்கு மாவு பொங்கவில்லை என்ற குறை வந்து நான் பார்த்ததில்லை. தோல் நீக்கிய உளுந்தானால், கழுவுவதைத் தொடக்கத்திலேயே முடித்துக்கொண்டு, ஊறிய நீரைக் கொட்டாமல் அதையே ஆட்டுவதற்குத் தெளித்துக்கொள்ள வேண்டும். பெருகத் தொடங்கிய நுண்ணுயிர்கள் அந்த நீரில்தான் இருக்கின்றன. ஊறிய பிறகு நான்கு முறை அலசி ஊற்றுபவர், வேலைக்கு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார். நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்பது எங்கள் வீட்டு அளவு. வெந்தயத்தின் கொழகொழப்பும் உளுந்தின் பசைத்தன்மையும் சேர்ந்துதான் வாயுவை மாவுக்குள் பிடித்துவைக்கின்றன.

உளுந்தை எப்படி ஆட்டுகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். கிரைண்டரில் 25 முதல் 30 நிமிடம், தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல், கையால் அவ்வப்போது தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். ஒரு சொட்டு உளுந்து மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால், அது கரையாமல் பஞ்சுபோல் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஆட்டுங்கள். மிக்சியில் அரைப்பவர்கள் சூட்டைக் கவனிக்க வேண்டும். ஜாடியைத் தொட்டால் கை சுடும் அளவுக்குப் போய்விட்டால், அந்த மாவு பொங்குவது சந்தேகமே. விட்டுவிட்டு அரைப்பதும், மிக்சிக்கு மட்டும் மார்கழியிலும் குளிர்ந்த நீரையே ஊற்றுவதும் இதைத் தடுக்கும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் மேல் இருக்கும் பெருமை நியாயமானதுதான். ஆனால் எந்த ஊரானாலும், குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக அடிக்கும் நாளில் அதை அப்படியே மாவுக்கு ஊற்ற வேண்டாம். கிருமியைக் கொல்லப் போட்ட மருந்து, மாவுக்கு வேண்டிய உயிரையும் தடுக்கும். கொதிக்கவைத்து ஆறவிட்ட நீர் போதும்.

உப்பை முன்பே போட்டால் மாவு பொங்காது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. உப்புப் போட்டால்தான் பொங்கும் என்பவர்களும் உண்டு. ஒரு கிலோ மாவுக்குப் 10 கிராம் அளவுக்குள் இருந்தால், முன்பு போட்டாலும் பின்பு போட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை என்பது என் முடிவு. ஜெர்மானியர்கள் முட்டைக்கோசைச் சீவி இரண்டு, இரண்டரை சதவீத உப்பில் புளிக்கவைக்கிறார்கள். அதையும் முதலில் தொடங்கிவைப்பது இதே லியூக்கோனோஸ்டாக்தான். நம் மாவில் இருப்பது அதில் பாதிக்கு மேல் இல்லை. ஒருவர் போட்டது தெரியாமல் வீட்டில் இன்னொருவரும் போட்டுவிட்டால் மட்டும் வேகம் குறையலாம். அப்போதும் முதலில் கெடுவது சுவைதான். கையால் கரைப்பதைப் பற்றியும் இதே போன்ற நம்பிக்கை உண்டு. கையால் கரைப்பதை நான் விடமாட்டேன். ஆனால் காரணம், அரிசி மாவும் உளுந்து மாவும் அடிவரை கலந்துவிட்டனவா என்பது விரல்களுக்குத் தெரிவதுபோல் கரண்டிக்குத் தெரியாது என்பதே.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தாமதமானால், அப்போது பழைய மாவு சேர்க்கலாம். இரண்டு கிலோ புது மாவுக்கு ஒரு குழிக்கரண்டி போதும். அந்தப் பழைய மாவு எப்படிப்பட்டது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நேற்று அல்லது முந்தாநாள் பொங்கி, குளிர்பெட்டியில் வைத்த மாவாக இருக்க வேண்டும். ஒரு வாரம் கிடந்து, மூக்கைத் துளைக்கும் அளவுக்குப் புளித்த மாவில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் அமிலத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களே. அதைச் சேர்த்தால் புது மாவும் எழும்புவதற்கு முன்பே புளித்துவிடும். கடை ஈஸ்ட் சேர்த்தால் மாவு நிச்சயம் எழும்பும். ஆனால் இட்லியில் ரொட்டி வாசனை வரும். சோடா உப்பு ஆவியில் வேகும்போது இட்லியை உப்பவைக்குமே தவிர, புளிப்பையும் மணத்தையும் தராது. கூடிப்போனால் சவர்க்காரச் சுவை வருவதோடு, தானியத்திலுள்ள தயாமின் என்ற பி வைட்டமினும் அழிகிறது.

புளித்தது, ஆனால் பொங்கவில்லை

இதுதான் நான் தனியாகச் சொல்வதாகக் கூறிய மூன்றாவது வகை. மாவை நக்கிப் பார்த்தால் நல்ல புளிப்பு இருக்கிறது, மட்டம் மட்டும் ஏறவில்லை. இங்கே நொதித்தல் தாமதிக்கவில்லை. உண்டான வாயு மாவில் தங்கவில்லை. மாவு நீர்த்திருந்தால் குமிழ்கள் மேலே வந்து உடைந்து போய்விடும். கரண்டியில் எடுத்து ஊற்றினால் மாவு தண்ணீராக ஓடாமல், ஒரு கணம் மடிந்து பிறகு கலக்க வேண்டும். அதுவே சரியான பதம். உளுந்து குறைந்திருந்தாலும், நுரைக்க ஆட்டாமல் விட்டிருந்தாலும் இதுவே நடக்கும். இன்னொரு சாத்தியமும் உண்டு: நீங்கள் தூங்கும்போது மாவு எழும்பி, விடிவதற்குள் தானே அமுங்கியிருக்கலாம். பாத்திரத்தின் உட்சுவரைப் பாருங்கள். மாவின் மட்டத்துக்கு மேலே காய்ந்த வெள்ளைக் கோடு இருந்தால், மாவு அதுவரை போய்த் திரும்பியிருக்கிறது. அப்படிப்பட்ட மாவை மேலும் காத்திருக்கவைத்தால் புளிப்புத்தான் ஏறும். அதற்கு உடனே தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவதே நல்லது.

பொங்காத மாவு எதற்கும் உதவாது என்று நினைக்க வேண்டாம். தோசைக்குப் பாதி பொங்கினாலே போதும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கடலைப்பருப்பு தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரமாக ஊற்றினால், மாவு மந்தமாக இருந்தது யாருக்கும் தெரியாது. காலையில் விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள், மாவுக்கு இன்னும் ஆறு மணி நேரம் வேண்டும் என்ற நிலை வந்தால், புளிக்கவே வேண்டாத வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசி ஊறப்போடலாம். டம்ளரில் அரிசியைத் தலைதட்டி, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக நிற்கும் அளவுக்கு வைத்து, இரண்டையும் ஒன்றாக ஊறவைத்து ஆட்டினால் இரண்டரை மணி நேரத்தில் எண்ணெய்ச்சட்டியில் ஊற்றிவிடலாம். புளிக்கும் மாவு கொட்டானுக்குள் இருந்தபடி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும்.

எப்போது கைவிட வேண்டும் என்பதிலும் தயக்கம் கூடாது. மேற்பரப்பில் லேசான சாம்பல் நிறம் படர்வது காற்றுப் பட்டதால் வருவது, கிளறினால் மறைந்துவிடும். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, பச்சை நிறத்தில் புள்ளி தெரிந்தாலும், பஞ்சுபோல் பூசணம் பூத்தாலும், புளிப்பு வாசனைக்குப் பதிலாக அழுகல் நாற்றம் வந்தாலும் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தக் கூடாது; முழுவதையும் கொட்டிவிட வேண்டும். பாத்திரத்தைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, வளவில் வெயில் விழும் இடத்தில் கவிழ்த்துக் காயவையுங்கள்.

நல்லபடியாக மாவு எழும்பிவிட்டால், நூலிலிருந்து எவ்வளவு ஏறியது, எத்தனை மணி நேரம் ஆனது, வைக்கும்போது மாவு எத்தனை டிகிரியில் இருந்தது என்ற மூன்றையும் சமையற்கட்டு நாட்காட்டியில் அந்தத் தேதிக்கு நேரே எழுதிவையுங்கள். மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்புக்கு முன் எழுதிய அந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டுதான், இப்போது நான் எத்தனை மணிக்கு உளுந்தை ஊறப்போடுவது என்பதை முடிவுசெய்கிறேன்.